மூன்றாம் வரிசை

வண்டி டாலஸ் பக்கத்தில் அவர்கள் இருந்த காப்பெல்லை விட்டுக் கிளம்பி நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வான்மதி வண்டிக்குள்ளேயே தாளித்துவிட்டாள். ஆஸ்டினைத் தாண்டி ஒரு ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தியிருந்தார்கள். வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள் கையெழுத்து வாங்கிய காகிதங்களில் ஒரு பக்கம் முழுக்க உள்ளே என்னென்ன செய்யக் கூடாது என்றுதான் இருந்தது. வாசனை வருகிற சமையல் அதில் இரண்டாவது. கடுகு வெடித்து, வரமிளகாய் கறுத்து, சின்ன வெங்காயம் எண்ணெயில் விழுந்த அடுத்த நிமிடம் கூரையில் இருந்த அலாரம் ஊரைக் கூட்டியது. டிரைவர் சீட்டுக்கு மேலே பரண் மாதிரி இருந்த படுக்கையிலிருந்து சின்னவள் தீக்ஷா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். பெரியவள் பிரீத்தி ஒரு துண்டை எடுத்து அலாரத்துக்கு விசிற ஆரம்பித்தாள். ரெஸ்ட்ரூமிலிருந்து ஜெயபிரகாஷ் ஈரக்கையோடு ஓடி வந்து பார்த்தபோது வான்மதி வாணலியை இறக்கி வைக்க இடமில்லாமல் கையிலேயே பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அரிசிம்பருப்புக்குத் தாளிக்காம எப்பிடிங்க?" என்றாள், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. "வெறும் சோத்தத் திங்கறதுக்கா இத்தன தூரம் வந்தோம்?"

"அம்மா, வண்டி ஃபுல்லா நம்ம வீடு ஸ்மெல் வந்திருச்சு. இனி இத நம்மதான் வாங்கிக்கணும்" என்று பிரீத்தி சிரித்தாள். தீக்ஷா சிரித்தாள். வான்மதியும் சிரித்தாள். வேறு நாளாக இருந்தால் ஜெயபிரகாஷ் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து படித்துக்காட்டியிருப்பான். வான்மதி, "அப்ப நீங்களே ஆக்குங்க" என்று கரண்டியை நீட்டியிருப்பாள். அன்றைக்கு யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து நாளாக அந்த வீட்டில் அப்படித்தான். எல்லோரும் எல்லோரிடமும் விருந்தாளிகளைப் போல நடந்துகொண்டார்கள். அது ஜெயபிரகாஷுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஜனவரி நான்காம் தேதி பிரீத்திக்கு விமானம். டாலஸிலிருந்து கோயம்புத்தூருக்கு, ஒருவழி. ஒன்பதாம் தேதி அவளுக்கு இருபத்தொரு வயது. மூன்று வயதில் அப்பாவின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த குழந்தை அவள். இருபத்தொன்று ஆகிவிட்டால் சட்டத்தின் கணக்கில் குழந்தை இல்லை, ஒட்டிக்கொள்ளவும் முடியாது. அதற்குள் குடும்பத்துக்கு கிரீன் கார்டு வந்திருக்க வேண்டும், வரவில்லை. வரிசை நீளம். மாணவர் விசாவுக்கு மாற்றக் கேட்டுப் பார்த்தார்கள். குடியேறுவதற்கு விண்ணப்பித்திருக்கும் குடும்பத்தின் பெண் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவாள் என்று நம்ப இடமில்லை என்று நவம்பரில் பதில் வந்தது. திரும்புவாள் என்று நம்பாததால் இப்போதே திரும்பச் சொல்கிறார்கள். படிப்பில் மிச்சமிருந்த ஒரே செமஸ்டரை ஆன்லைனில் முடிக்கக் கல்லூரி ஒப்புக்கொண்டது. சிங்காநல்லூரில் ஜெயபிரகாஷின் அக்கா ராஜலக்ஷ்மி வீட்டு மாடி அறை தயாராகிவிட்டது. அக்கா அதற்கு ஏசி மாட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, தினமும் ஒரு போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தாள். பிரீத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. எந்தப் பஸ் எங்கே போகிறது என்று அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் ஏற வேண்டும்.

தீக்ஷாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் வீட்டிலிருந்து கால் மணி நேரத் தூரத்திலிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்ததோடு அவள் காரியம் முடிந்துவிட்டது. ஒரே சட்டியில் ஆக்கியதைத் தின்று வளர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இந்த நாட்டுக்காரி, இன்னொருத்தி விருந்தாளி. சின்னவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஒரு மாதமாகத் தன் அறையை விட்டுவிட்டு அக்கா கட்டிலில்தான் படுக்கிறாள்.

இப்படி ஒரு வண்டியில் போக வேண்டும் என்பது பிரீத்தியின் ஆசைதான், பத்து வயதிலிருந்து. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. ஜெயபிரகாஷ் ராஜலக்ஷ்மி அக்காவிடம் போனில் சொன்னபோது, "ஏண்டா, சினிமாக்காரங்க மேக்கப் போடற கேரவனா?" என்றாள். பிரீத்தி கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே பதில்தான் சொல்வான்: கிரீன் கார்டு வரட்டும். நாய் வளர்க்கலாமா? கிரீன் கார்டு வரட்டும். பின்பக்கத்தில் மாதுளை வைக்கலாமா? வரட்டும். அந்த வீட்டில் பாதி ஆசைகள் அந்த அட்டைக்குப் பின்னால் வரிசையில் நின்றன. பிரீத்தி கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அவள் போகிறாள் என்று முடிவான வாரம், யாரிடமும் சொல்லாமல் அவன் இந்த வண்டிக்குப் பதிவு செய்தான். சொன்னதும் அவள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை இல்லை அது.

ஏனென்றால் இந்தக் கதையில் அவளுக்குத் தெரியாத ஒரு பகுதி இருந்தது.

2020 அக்டோபர். கிரீன் கார்டுக்கு நிற்பவர்களில் மேல்படிப்புக்காரர்களுக்கு இரண்டாம் வரிசை, மற்றவர்களுக்கு மூன்றாம் வரிசை. என்றும் இல்லாத திருநாளாக அந்த மாதம் மூன்றாம் வரிசை மளமளவென்று முன்னேறி இரண்டாவதைத் தாண்டிவிட்டது. இரண்டில் நிற்பவர்கள் விரும்பினால் மூன்றுக்கு இறங்கி, கடைசிக் கட்ட மனுவை உடனே போடலாம் என்றார்கள். கார்டு உடனே கையில் வராது; ஆனால் மனு ஒன்று உள்ளே போய்விட்டால், பின்னால் வந்த விதிகளின்படி பிள்ளைகளின் வயது அந்த நாளோடு நின்றுவிடும். கம்பெனி வக்கீல், விருப்பமுள்ளவர்கள் பத்து நாளில் பதில் அனுப்புங்கள் என்று எல்லோருக்கும் எழுதினார். ஒரு வரி, "சரி" என்று அனுப்பினால் போதும்.

ஜெயபிரகாஷ் அனுப்பவில்லை. மறந்துவிட்டான் என்றால்கூட மன்னிக்கலாம். மறக்கவில்லை. யூனிவர்சிட்டியில் தங்க மெடல் வாங்கி, மாஸ்டர்ஸ் முடித்து, பத்துப் பேருக்கு மேலே மேனேஜராக இருக்கிறவன் எதற்கு மூன்றாவதில் போய் நிற்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. இரண்டாவது எப்படியும் சீக்கிரம் நகரும் என்று வாட்சப் குழுவில் நான்கு பேர் சொன்னதும் வசதியாகப் போயிற்று. "பொண்ணு இருக்கறாளுங்க, எதுக்கும் போட்டு வெச்சரலாமுங்க" என்று வான்மதி இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது, "உனக்கு இதெல்லாம் புரியாது, விடு" என்று கத்தினான். அதே ஆபீசில் வேலை பார்த்த பாலசுப்ரமணியன் இறங்கிப் போட்டார். கொரோனா காலம், அந்த வருடத் தீபாவளிக்கு அவர் வீட்டுப் பின்பக்கத்தில் ஆறடி தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "என்னங்க பாலு, ஏசி கோச்ல இருந்து எறங்கி அன்ரிசர்வ்டுல ஏறீட்டீங்களாமா?" என்று ஜெயபிரகாஷ் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பாலசுப்ரமணியனும் சிரித்தார். அவர் மகன் கௌசிக் அந்தப் பக்கம் புல்லில் உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரீத்தியின் வயதுதான். இப்போது ஹூஸ்டனில் வேலையில் இருக்கிறான், விசாவைப் பற்றிக் கவலைப்படாமல்.

அடுத்த மாதமே ஜன்னல் மூடிக்கொண்டது. இரண்டாம் வரிசை பின்னால் நகர்ந்தபோதும் அவன் முறைக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. வான்மதி இந்த ஐந்து வருடத்தில் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவன் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்பான்.

மெக்ஸிகோ எல்லைக்குக் கிட்டத்தில் இருக்கும் பாட்ரே தீவுக்கு இருபத்தாறாம் தேதி மதியம் போய்ச் சேர்ந்தார்கள். டிசம்பர் முடியப்போகிற நேரத்தில் அங்கே சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில். குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வண்டியோடு இறங்கி வந்த கிழவர்கள் அரை டிராயரோடு உலாவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வண்டியில் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு மேல் யாரோ ஒரு கூலிங் கிளாஸை மாட்டியிருந்தார்கள். "திஸ் இஸ் நாட் கிறிஸ்துமஸ், திஸ் இஸ் சம்மர்" என்று கத்திக்கொண்டு தீக்ஷா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். பிரீத்தி அந்தச் செருப்புகளைப் பொறுக்கி ஜோடி சேர்த்து வண்டிப் படியில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான். யாரும் சொல்லாமலே எடுத்து வைக்கிற பிள்ளை.

வண்டியின் கழிவுத் தண்ணீரைத் திறந்துவிடுவது ஜெயபிரகாஷின் வேலை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, குழாயைத் தரையில் இருந்த துளைக்குள் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நெம்புகோலை இழுத்தான். வான்மதி வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"சொல்லீருங்க."

"என்ன?"

"என்னன்னு தெரியாதுங்களா உங்களுக்கு?" ஒரு தோலைப் பிரித்து, பட்டாணியை விரலால் வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். "போன வாரம் கௌசிக்கோட ரொம்ப நேரம் பேசீட்டு இருந்தா. அந்தப் பையன் வாய்ல இருந்து வரதுக்கு முன்னாடி உங்க வாய்ல இருந்து வரோணும். கோவப்படுவா. படட்டும். ஊருக்குப் போய் அந்த மாடி ரூம்ல தனியா உக்காந்து தெரிஞ்சுக்கறதுக்கு, இங்க நம்ம இருக்கீல தெரிஞ்சுக்கட்டும்."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொன்னனல்ல."

அவள் அடுத்த தோலைப் பிரித்தாள். குழாய் வழியாகத் தண்ணீர் போகிற சத்தம் நிற்கும்வரை அவன் குனிந்தே இருந்தான். சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். இந்தப் பெண் தன்னைப் பார்க்கிற பார்வை போனால் போனதுதான். அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒன்பது நாள் இருந்துவிடலாம் என்ற ஆசை. வெட்கக்கேடான ஆசைதான். ஆனாலும் ஆசை.

மறுநாள் சாயங்காலம் அவளே கேட்டாள். கடலோரம் நடந்துகொண்டிருந்தார்கள், இருவர் மட்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கால் நனைகிற தூரத்திலேயே நின்று, பேன்ட்டை முட்டிவரை சுருட்டியபடி பிரீத்தி ஆரம்பித்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"கேளு பாப்பா."

"கௌசிக் ஒண்ணு சொன்னான். ட்வென்ட்டி ட்வென்ட்டில செகண்ட்ல இருந்து தேர்டுக்கு மாறினா ஃபைல் பண்ண விட்டாங்களாம். அவங்க அப்பா மாறிட்டாங்க, அதான் அவனுக்கு ப்ராப்ளமே இல்லைன்னான்." நிறுத்தி, அவன் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக் கேட்டாள். "நம்ம ஏன் மாறல?"

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவளே கதவைத் திறந்துவிட்டாள், உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. அவன் மனதுக்குள் சொல்லியும் பார்த்தான்: நான்தான் பாப்பா, எனக்கு அன்னைக்குத் திமிரு. அந்த வாக்கியம் தொண்டைவரை முழுசாக வந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"நமக்கு எலிஜிபிள் இல்ல பாப்பா. எங்க லாயர் நம்ம கேஸுக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க."

"ஷ்யூராப்பா?"

"ம்."

அவள் ஒரு பெரிய மூச்சை விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேங்க் காட். ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லப்பா. ஒருவேளை நீங்க சும்மா விட்டிருந்தீங்கன்னா, நான் உங்கள ஹேட் பண்ணிருவேனோன்னு பயமா இருந்துச்சு. அங்க போய் தனியா உக்காந்து டெய்லி அதையே நெனச்சிட்டு இருப்பேன்ல. இப்ப ஓகே. இப்ப நான் போயிருவேன்."

திரும்பி வண்டிவரை அவன் கையை விடாமலே நடந்தாள். இத்தனை வருடத்தில் தன் கை இவ்வளவு கனமாக இருந்து அவன் உணர்ந்ததில்லை.

இரவுச் சாப்பாட்டில் அவள் அதை அம்மாவிடம் சொன்னாள், சாதாரணமாக, ஊறுகாயை நகர்த்தியபடி. "அப்பாவ கேட்டுட்டேன்மா. நம்மளுக்கு எலிஜிபிளே இல்லையாமே." வான்மதி ஜெயபிரகாஷைப் பார்த்தாள். அவன் தட்டில் இல்லாத கறிவேப்பிலையைத் தேடினான். அந்தக் குறுகிய மேஜையில் நாலு பேருடைய முட்டியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் ஒளிந்துகொள்ள வழியில்லை.

"ஆமா கண்ணு" என்றாள் வான்மதி. "இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்க."

அதன் பிறகு ஒன்றரை நாள் அவள் அவனோடு பேசவில்லை. பிள்ளைகள் எதிரில் பேசினாள், "தண்ணி எடுங்க", "ஏசியக் கொறைங்க" என்று. தனியாக இருக்கும்போது அவன் இருப்பதே தெரியாததுபோல் இருந்தாள். தவறு செய்தவன் ஒருவன். இப்போது அவனுக்காக அவளும் பொய் சொல்லிவிட்டாள். தன் வாழ்நாளில் பிள்ளைகளிடம் அவள் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றியது.

இருபத்தொன்பதாம் தேதி வடக்கே திரும்பினார்கள். 77-ஆம் எண் நெடுஞ்சாலையில் எல்லையிலிருந்து நூறு மைலுக்குள் ஒரு செக்பாயின்ட் இருக்கிறது. உள்நாட்டுக்குள்ளேயே வருகிறவர்களை நிறுத்தி யார் என்று கேட்பார்கள். அது தெரிந்துதான் கிளம்பும் முன்பே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் விசாக் காகிதங்களையும் நீல ஃபைலில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தான். பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் போனாலும் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு போவான் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். வண்டி வரிசையில் ஊர்ந்தது. ஒரு நாய் சக்கரங்களை மோந்துகொண்டு சுற்றி வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற அதிகாரி சின்னப் பையன்தான், இருபத்தைந்து இருக்கும். எல்லோரும் சிட்டிசனா என்று கேட்டான்.

பின்சீட்டிலிருந்து தீக்ஷா, "ஐ ஆம்" என்றாள். ஏதோ தப்பை ஒப்புக்கொள்வது போன்ற குரலில்.

ஜெயபிரகாஷ் ஃபைலை நீட்டினான். அதிகாரி ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் பிரித்து முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிரீத்தியுடையதை எடுத்தபோது இரண்டு தடவை பார்த்தான். பிறகு குனிந்து ஜன்னல் வழியே அவளைத் தேடிச் சிரித்தான். "பிக் பர்த்டே கமிங் அப்! ட்வென்ட்டி ஒன், ஹா? ஹேவ் ஃபன்!" கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்ல பையன். "தேங்க் யூ" என்று பிரீத்தி சிரித்தே சொன்னாள். வண்டி நகர்ந்ததும் வான்மதி சட்டென்று எழுந்து பின்னால் இருந்த குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி ஓடும்போது எழுந்து நடக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி.

பிரீத்தி முன்னால் வந்து அம்மாவின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். சாலையின் இரண்டு பக்கமும் ஊரே இல்லை. கம்பி வேலி, காய்ந்த புல், அங்கங்கே குட்டை ஓக் மரங்கள், எங்கோ தூரத்தில் நான்கு மாடு.  அவள் டாஷ்போர்டில் கிடந்த நீல ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, ஃபீல் பண்ணாதீங்க" என்றாள். "உங்களால முடிஞ்சது எல்லாத்தயும் நீங்க பண்ணீட்டீங்க. எனக்கு அது போதும். அங்க அத்தை வீட்ல யாராவது ஏன் வந்துட்டேன்னு கேட்டா, நான் இதத்தான் சொல்லுவேன். எங்கப்பா எல்லாமே ட்ரை பண்ணாங்கன்னு."

அவன் இரண்டு மைல் ஓட்டினான். அந்த இரண்டு மைலில் அவள் சிங்காநல்லூரில் யார் யாரிடமோ அதைச் சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்குக் கேட்டது: அக்காவிடம், பக்கத்து வீட்டில், கல்யாண வீட்டில், தன்னைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம். தெரியாத ஊரில் அவள் கையில் இருக்கப்போகிற ஒரே சொத்தாக அந்தப் பொய்யைக் கொடுத்து அனுப்புகிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியைச் சாலையோரத்து அகலமான தளத்தில் இறக்கி நிறுத்தினான்.

"என்னாச்சுப்பா? டயரா?"

"இல்ல." இஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு நீ கேட்டியே பாப்பா. எலிஜிபிள் இல்லைன்னு சொன்னேன். பொய். எறங்கியிருக்கலாம். லாயர் மெயில் அனுப்பிச்சாங்க, ஒரு சரின்னு போட்டிருந்தா போதும். நான்தான் போடல."

"மறந்துட்டீங்களா?"

கேட்ட குரலில் அவள் எவ்வளவு ஆசையோடு அந்தப் பதிலை எதிர்பார்க்கிறாள் என்பது தெரிந்தது. ஆம் என்று சொல்லிவிடலாம். மறுபடியும் கதவைத் திறந்துவிடுகிறாள்.

"மறக்கல. தேர்டுல போய் நிக்கறது எனக்குக் கேவலமா இருந்துச்சு. பாலு அங்கிளக் கிண்டல் பண்ணேன். உன்னப் பத்தி நான் நெனைக்கல. அதான் நெசம்."

 பின்னால் குளியலறைக் கதவு திறந்தது. பிரீத்தி திரும்பிப் பார்த்தாள். கழுவிய முகத்தோடு வான்மதி நின்றிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

வான்மதி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும் கண்ணு."

"முந்தாநாள் நான் சொன்னப்ப, ஆமான்னீங்களே."

"ஆமா."

பிரீத்தி பெல்ட்டைக் கழற்றினாள். அழுவாள், கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் கதவைத் திறந்து, படியில் கால் வைத்து, கவனமாக இறங்கி, கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. பிறகு வண்டி போக வேண்டிய திசையில், வடக்கே, நடக்க ஆரம்பித்தாள்.

"வேர் இஸ் ஷி கோயிங்?" என்று தீக்ஷா பயந்துபோய்க் கேட்டாள்.  "அப்பா! வாட் டிட் யூ டூ?"

ஒரு பெரிய லாரி கடந்து போனது. அதன் காற்றில் பிரீத்தியின் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவள் கொஞ்சம் தள்ளாடி மறுபடி நேராக நடந்தாள். வான்மதி சாமான் பெட்டிக்கு மேலே கிடந்த துண்டையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். கதவருகில் நின்று, அந்த இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"மெதுவா வாங்க" என்றாள். "பின்னாடி வர வண்டிக்காரன் அவளப் பாக்கோணும்."

அவளும் இறங்கினாள். ஜெயபிரகாஷ் அபாய விளக்கைப் போட்டான். பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்ததும் வண்டி தானாகவே நகர்ந்தது, இருபத்தெட்டு அடி நீளம், உள்ளே பாத்திரங்கள் லேசாகக் குலுங்க. வேகமானி முள் பூஜ்யத்திலேயே நின்றது. தீக்ஷா முன்சீட்டுக்கு வந்து இரண்டு கையையும் டாஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு, "கோ ஸ்லோ, அப்பா. ஸ்லோவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மதிய வெயிலில், முன்னால் பிரீத்தி போனாள். பத்தடி பின்னால் வான்மதி போனாள், கூப்பிடவில்லை. மைல்கல் ஒன்று வந்து போனது. அடுத்ததற்குச் சற்று முன்னால் வான்மதி நடையை எட்டிப் போட்டு அவளைப் பிடித்து, கையிலிருந்த துண்டை அவள் தலைமேல் போட்டாள். பிரீத்தி அதைத் தட்டிவிடவில்லை. தலையில் துண்டோடு, திரும்பிப் பார்க்காமல், அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தாள்.